ஒன்றைக் கிழித்த வியாழக்கிழமை

பலெர்மோவில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு படத்தைப் போடுகிறார்கள் என்றால், அதை யாரும் பார்க்கக்கூடாது என்று முடிவுசெய்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு மணிக்குக் கடைகளைப் பூட்டுவார்கள். பிறகு சாப்பாடு. பிறகு யன்னலின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு நித்திரை. மாலையாகும்வரை தெருவில் பூனைகளும் நாங்களும்தான். நாங்கள் என்றால், வீட்டு வேலைக்குப் போகிற தமிழ்ச் சனம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்த நான், லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சினியோரா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சினியோரா நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்ப்பார். அவருடைய மகன் சினிமா பற்றிப் பாடம் எடுப்பவர். எல்லோரும் அவரைப் புரொபெஸ்ஸோரே என்றுதான் கூப்பிடுவார்கள், பெற்ற தாய் உட்பட. அவருடைய அறையில் தரையிலிருந்து கூரைவரை சினிமாப் புத்தகங்களும் வீடியோ கசெற்றுகளும் இருந்தன. தூசி தட்டுகிற சாக்கில் நான் அவற்றை வாசித்தேன். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அதிகம் தூசி தட்டப்பட்ட இடம் அதுதான். சமையலறை அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை.

புரொபெஸ்ஸோரே வருடாவருடம் மார்ச் மாதத்தில் தூரத்து நாட்டுப் படங்களுக்கு ஒரு சின்ன விழா நடத்துவார். அந்த வருடம் கேட்டேன், நானும் வந்து உதவி செய்யட்டுமா என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த முகம் மண்டபத்து வாசலில் நின்றால் விழா இன்னும் தூரத்துக்குப் போன மாதிரி இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். கழுத்தில் மாட்டுகிற ஒரு அட்டை தந்தார். அதை மாட்டிக்கொண்டு அன்று முழுக்க வீட்டைக் கூட்டினேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, இந்தோனேசியாவிலிருந்து வருகிற பெண் இயக்குநரைப் புகையிரத நிலையத்திலிருந்து கூட்டிவருவது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் படச்சுருள் டப்பாக்கள். டப்பாக்களைத் தூக்க நான் கை நீட்டியபோது பெட்டியைத்தான் தந்தார். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்தோம். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அக்கா என்றேன். விளக்கம் கேட்டார், சொன்னேன். தங்கள் ஊரிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, பரவாயில்லை என்றார்.

பஸ்ஸில் நான் என்னுடைய படிப்பைக் காட்டினேன். "உங்கள் நாட்டுப் படங்களுக்கு இப்போது உலகமெல்லாம் நல்ல பெயராமே. பரிசெல்லாம் வாங்குகின்றனவாமே. வாசித்தேன்."

"ஓம். ஜப்பானில் பார்க்கிறார்கள். பிரான்ஸில் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் பார்க்க முடியாது."

"ஏன்?"

"தியேட்டர்களில் அமெரிக்கப் படம் ஓடுகிறது. இடமில்லை."

பிறகு, டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு தியேட்டர் முதலாளி. அவரிடம் அக்கா மூன்று முறை போய்க் கேட்டாராம். மூன்றாவது முறை அந்த மனிதர் சொன்னாராம்: வெளிநாட்டுக்காரன் நல்ல படம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி தரட்டும், ஒரு கிழமை மண்டபத்தைத் தருகிறேன், இல்லாவிட்டால் இந்த டப்பாக்களை இனி என் வாசலுக்குக் கொண்டுவராதே. ஏற்கெனவே அக்கா படத்தை இரண்டு விழாக்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கைதட்டல் கிடைத்தது. கடுதாசி கிடைக்கவில்லை. இது மூன்றாவது. இதற்குப் பிறகு போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லை.

வெளிநாட்டுக்காரன் அத்தாட்சி கொடுத்தால்தான் உள்ளூரில் மதிப்பு என்பது எனக்குப் புதுச் செய்தி அல்ல. எங்கள் ஊரில் மாப்பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான்.

விழாவில் நடுவர்கள் தருகிற பரிசு ஒன்று, பார்வையாளர் வாக்கில் தருகிற பரிசு ஒன்று. நடுவர்கள் மூன்று பேர்: ஒரு கவிஞர், ஒரு விமர்சகர், மூன்றாமவர் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அவர்களை நம்பிப் பயனில்லை, பார்வையாளர் பரிசை எடுத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அட்டவணையைப் பார்த்தேன். அக்காவின் படத்துக்கு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. பலெர்மோவே படுத்துக்கிடக்கும் அந்த நேரத்தில் இந்த நகரத்தில் சும்மா இருக்கிற ஒரே சனம் எங்கள் சனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் மன்னார் அன்ரியைப் பிடித்தேன். அவர் பகேரியாவில் ஒரு பெரிய வீட்டில் வேலை. அவர் ஒரு செய்தியைக் கேட்டால் அது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"அன்ரி, வியாழக்கிழமை ஒரு படம் போடுகினம். காசில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"என்ன படம்?"

"இந்தோனேசியப் படம்."

"அதார் நடிக்கிறது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை அன்ரி. ஆனா நல்ல படம். உலகமெல்லாம் போன படம்."

"உலகமெல்லாம் போனா நல்ல படமோ? என்ர தம்பியும்தான் உலகமெல்லாம் போனவன்."

"கலியாண வீட்டுப் படம் அன்ரி."

"அப்பிடிச் சொல்லன் பிள்ளை. எத்தினை மணிக்கு?"

வியாழன் இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். மண்டபம் கொள்ளாத கூட்டம். யாழ்ப்பாணத்துச் சைவக்காரரும் வந்தார்கள், தீவுப்பகுதிக்காரரும் வந்தார்கள். அன்ரியின் மனுசன், சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிற மாமா, கோட் போட்டு வந்திருந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் வீட்டில் பொரித்த றோல்ஸ் ஒரு பை வந்தது. புரொபெஸ்ஸோரே வாசலில் நின்று கண்கலங்கினார்.

"பலெர்மோவின் இந்தோனேசியச் சமூகம்," என்றார் என் காதில். "இவ்வளவு பேரா?"

"நாங்கள் இலங்கையர், புரொபெஸ்ஸோரே."

"நிச்சயமாக, நிச்சயமாக," என்று கையை வீசினார். "அதே கடல்தானே."

நான் வாக்கு அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். படம் முடிந்ததும் ஒரு எண்ணில் கிழித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. எனக்கு இத்தாலி வாசிக்கத் தெரியும். வாசிக்க நேரம்தான் இல்லை.

"பிள்ளை, எதைக் கிழிக்கிறது?" என்றார் அன்ரி.

"பிடிச்சிருந்தா ஒண்டைக் கிழியுங்கோ."

வேறென்ன சொல்வேன்? பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கேட்டதெல்லாம் அதுதானே. ஒன்றாம் பிள்ளை யார். அவள் ஒன்றாம் பிள்ளை, நீ ஏன் இரண்டாம் பிள்ளை. அறிக்கை அட்டையில் ஒன்று போட்டிருந்தால் வீட்டில் பால் சோறு, ஐந்து போட்டிருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க ஏலாது. ஐந்தைப் பெரிய எண் என்று நினைக்கிற ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை. நான் சொன்னது வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

படம் தொடங்கியது. ஒரு தாயும் மகனும் ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வள்ளத்தில் ஏற்றுகிறார்கள், லொறியில் ஏற்றுகிறார்கள், கடைசியில் வயல் வரம்பில் தோளில் வைத்து நடக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம். கதைப்பது கொஞ்சம். கலியாணம் பேசின பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் மின்சாரம் இல்லை. பெண்ணின் தாய் அதற்குள் விதைநெல்லை வைத்துப் பூட்டுகிறாள். முடிந்தது.

எங்கள் சனத்துக்குப் பேசாமல் படம் பார்த்துப் பழக்கமில்லை. வீட்டில் கசெற் போட்டால் எப்படியோ அப்படித்தான் இங்கேயும்.

"பின்னாலை தாங்கிப் பிடி தம்பி, கதவு திறபடப் போகுது," என்று மாமா திரைக்குச் சொன்னார்.

"கயித்தாலை கட்டியிருக்கலாம்," என்றது வேறொரு குரல்.

கீழே ஓடிய இத்தாலி எழுத்தை நான் வாசித்து முதல் வரிசைக்குச் சொன்னேன். அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் யாருக்கு என்று தெரிந்த இடத்தில் அன்ரியின் குரல் கேட்டது.

"நில்லுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரரோ பொம்பிளைக்குக் கொண்டுபோகினம்?"

"ஓம் அன்ரி. அவையின்ர முறை அப்பிடியாம்."

"மாப்பிள்ளையின்ர தாயே தூக்கிறாவோ?"

"ஓம்."

அன்ரி கோட் போட்ட மனுசன் பக்கம் திரும்பி, "பாத்தியளோ?" என்றார். மாமா இருட்டுக்குள் றோல்ஸைத் தேடினார். அதற்குப் பிறகு மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் அந்த ஃபிரிட்ஜைச் சேர்ந்து தூக்கினார்கள். வரம்பில் தாய் வழுக்கி விழுந்தபோது நாலைந்து பேர் எழும்பியே விட்டார்கள். விதைநெல்லை உள்ளே வைத்த இடத்தில் மூக்கு உறிஞ்சாத பெண்ணே இல்லை. பின் சுவரோடு நின்ற அக்கா திரையைப் பார்க்கவில்லை, சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவர்களில் கவிஞர் நித்திரை.

வெளியே வரும்போது எல்லோரும் வாக்கு அட்டையை நெஞ்சளவு உயர்த்திப் பிடித்துக் கவனமாக ஒன்றைக் கிழித்துப் பெட்டிக்குள் போட்டார்கள். அன்ரி தன்னுடையதைக் கிழித்துப் போட்டுவிட்டு மாமாவுடையதையும் வாங்கிக் கிழித்தார்.

சனிக்கிழமை காலை மண்டபத்து வாசலில் பார்வையாளர் வாக்கு முடிவை ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து தேடினேன். பிறகு கீழிருந்து தேடினேன். உடனே கிடைத்தது. அக்காவின் படம் கடைசி. இதற்கு முன் எந்தப் படமும் இப்படி ஒரு கடைசியைக் கண்டிருக்காது. மற்றப் படங்கள் மூன்று, நாலு என்று கௌரவமாகத் தோற்றிருந்தன. மேசையில் மிச்சமிருந்த ஒரு அட்டையைப் புரட்டி எறும்பு எழுத்தை வாசித்தேன். ஒன்று என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஐந்து என்றால் மிகவும் பிடித்தது.

ஒரு மண்டபம் நிறைந்த சனம் அழுதழுது அந்தப் படத்தைக் கொன்றிருக்கிறது. ஆயுதம் கொடுத்தது நான்.

சொல்லிவிடுவோம் என்று புரொபெஸ்ஸோரேயிடம் போனேன். நான் வாயைத் திறக்க முதல் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"பார்த்தாயா? கடைசி. நேற்று இரவு நடுவர்கள் கூடினார்கள். ஒரே மனதாக முடிவு. சிறப்புப் பரிசு அந்தப் படத்துக்குத்தான்."

"ஏன்?"

"ஏனா? தன் சொந்த மக்களே தூக்கி எறிந்த படம். வீட்டு வேலை செய்கிற எளிய மனிதர்கள், தங்கள் வாழ்க்கையைக் கண்ணாடியில் பார்த்துத் தாங்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதைவிட ஒரு கலைக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? கவிஞர்தான் முதலில் சொன்னார்."

கவிஞர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அவர் ஒரு கடுதாசியை நீட்டினார். பரிசுக்கான காரணம் இத்தாலியில் எழுதியிருந்தது. பரிசுப் பத்திரத்தில் பக்கத்தில் ஆங்கிலத்திலும் வர வேண்டும். "உனக்கு ஆங்கிலம் தெரியுமே. நாளை காலை அச்சுக்கு."

அக்கா தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். பரிசுச் செய்தி அவருக்கு வந்திருந்தது. ஆனால் கட்டிலில் குழம்பிப்போய் இருந்தார்.

"உன் ஆட்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?" என்றார். "நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதார்கள். சிரித்தார்கள். கோபத்திலா அழுதார்கள்?"

நடந்ததைச் சொன்னேன். ஒன்றாம் பிள்ளை, அறிக்கை அட்டை, எறும்பு எழுத்து எல்லாவற்றையும். முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. பிறகு நிமிர்ந்து, காரணம் என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றார். மொழிபெயர்த்து வாசித்தேன்: "பார்வையாளர்கள் ஒருமித்து நிராகரித்த, நிராகரிக்கப்பட வேண்டும் என்றே படைக்கப்பட்ட துணிச்சலுக்காக."

சிரிப்பு நின்றது.

"இதை அந்த முதலாளியிடம் எப்படிக் காட்டுவது? சனம் வெறுத்த படம் என்று வெளிநாட்டுக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்பார். கதவைச் சாத்துவார். இப்படி ஒரு பரிசை விடக் கிடைக்காமலே இருந்திருக்கலாம்."

திரும்பப் புரொபெஸ்ஸோரேயிடம் போனேன். அவர் ஒரு அரன்சினாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோற்று உருண்டை முடியும்வரை அவர் குறுக்கே பேசமாட்டார் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டுவிட்டு விரல்களைத் துடைத்தார்.

"ஆக, அவர்களுக்குப் பிடித்திருந்தது."

"மிகவும்."

"இதை யாரிடமாவது சொன்னாயா?"

"இயக்குநரிடம்."

"அதோடு நிறுத்து. பார்வையாளர் பரிசு நகரசபை உறுப்பினருடைய மருமகன் தூரத்து நாடொன்றில் எடுத்த படத்துக்கு என்று அவருக்கு அறிவித்தாகிவிட்டது. மண்டபம் தந்தவர் அவர். அதுபோகட்டும். யோசித்துப் பார். பார்வையாளருக்குப் பிடித்திருந்தால், நடுவர்கள் எந்தக் காரணத்துக்காக இதற்குப் பரிசு கொடுப்பது? எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். கவிஞர் விலகிக்கொள்வார். பரிசும் போய்விடும்."

அதாவது, பரிசு வேண்டுமென்றால் சனத்துக்குப் பிடிக்காமல் இருக்க வேண்டும். மண்டபம் வேண்டுமென்றால் பிடித்திருக்க வேண்டும். ஒரு ஃபிரிட்ஜை நாற்பது மைல் சுமந்த தாய்க்குக்கூட இந்தச் சிக்கல் வரவில்லை.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, சினியோரா வீட்டு வேலை ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புரொபெஸ்ஸோரேயைப் பகைத்தால் அதுவும் கிழியும். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சினியோரா தொலைக்காட்சி முன்னால் கண்ணயர்ந்தபின் குசினி மேசையில் கடுதாசியை வைத்துக்கொண்டு இருந்தேன். இடதுபக்கம் இத்தாலி. வலதுபக்கம் வெறுமை. இடதுபக்கத்தைப் பலெர்மோவில் எல்லோரும் வாசிப்பார்கள். வலதுபக்கத்தை விழாவில் ஒருவரும் வாசிக்கப்போவதில்லை. புரொபெஸ்ஸோரேக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவர் மட்டும் நம்புகிற விஷயம். அந்த முதலாளிக்கோ இத்தாலி தெரியாது.

ஆங்கிலத்தில் எழுதினேன்: "பலெர்மோவின் பார்வையாளர்கள் இந்த விழாவிலேயே அதிகமாக நேசித்த படம் இது. மண்டபம் நிறைந்திருந்தது. மக்கள் அழுதார்கள்." வாசித்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் பெரிய மோசடி. நடந்தது என்று பார்த்தால் அந்தப் பத்திரத்திலேயே உண்மையான பகுதி அதுதான். எழுத்தின் நீளம் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி, இத்தாலியிலிருந்த "துணிச்சலுக்காக" என்பதை மட்டும் கடைசியில் அப்படியே சேர்த்தேன். புரொபெஸ்ஸோரே காலையில் வாங்கி, நீளத்தைப் பார்த்து, "மிக அழகு," என்றார்.

பரிசளிப்பு ஞாயிறு மாலை. ஞாயிறும் எங்களுக்கு ஓய்வு நாள் என்பதை விழாக்காரர் மறந்துவிட்டார்கள். எங்கள் சனம் மறுபடியும் வந்து நிறைந்தது. புரொபெஸ்ஸோரே ஒலிவாங்கியில், நிராகரிக்கப்பட்ட படம், முகம் திருப்பிய மக்கள், என்று உருகி வாசித்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?" என்றார் பக்கத்திலிருந்த அன்ரி.

"நல்ல படமாம்."

"அதுக்கு இவ்வளவு நேரமோ? ஆளின்ர முகத்தைப் பாத்தா செத்த வீட்டிலை வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

படத்தின் பெயரைச் சொன்னதுதான் தாமதம். சனம் எழும்பி நின்று கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மாமா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். மேடையில் இருந்த கவிஞர் நடுங்கி விழித்தார். புரொபெஸ்ஸோரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கழுத்து அட்டையைப் பார்த்தேன். அவர் சமாளிக்கத் தெரிந்தவர். ஒலிவாங்கியை மறுபடி பிடித்தார்.

"பாருங்கள்," என்றார் தழுதழுத்து. "மூன்றே நாளில் இவர்களே மனம் மாறிவிட்டார்கள். கலையின் வேலை இதுதான்."

அக்கா மேடையேறிப் பத்திரத்தை வாங்கினார். இடதுபக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலதுபக்கத்தை ஒரு முறை வாசித்தார். பிறகு ஒலிவாங்கியில் நன்றி என்று ஒரு சொல்தான் சொன்னார், எங்கள் வரிசைகளைப் பார்த்து.

போகும்போது புகையிரத நிலையத்தில் இந்த முறை டப்பாக்களை என்னிடம் தந்தார். பெட்டிக்குள் மடிபடாது என்று பத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாளி பத்திரத்தின் ஆங்கிலப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாராம். பலெர்மோ பெரிய ஊரா என்று கேட்டாராம். இவர், ஓம், துறைமுகமெல்லாம் இருக்கிறது என்றாராம். ஒரு கிழமை கிடைத்தது. முதல் நாள் மண்டபத்தில் பதினொரு பேர். அவர்களில் இரண்டு பெண்கள் படம் முடிந்தும் போகாமல், மாப்பிள்ளையின் தாய் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கத் தேவையில்லை, அதெல்லாம் பழைய காலத்து முறை என்று இவரோடு சண்டைக்கு நின்றார்களாம். அடுத்த நாள் அதே இரண்டு பெண்களும் தங்கள் மாமியார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம்.

ஏழாம் நாள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. எட்டாம் நாளும் ஓடியது என்று மட்டும் எழுதியிருந்தார்.